கோல் கம்பத்துக்குப் பின்னால் பத்து நாள்

டிசம்பர் 2, 2025. கோவில்பட்டி – மதுரை

ஜூனியர் உலகக் கோப்பை ஹாக்கி நம்ம மதுரையில் நடக்கிறது என்று முதலில் கேட்டபோது நான் நம்பவில்லை. சென்னையில் நடத்துவார்கள், மதுரையில் ஒரு விழா வைத்துப் பலூன் விடுவார்கள், அவ்வளவுதான் என்று நினைத்தேன். ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் நிஜமாகவே நீல டர்ஃப் போட்டு, விளக்குக் கம்பம் நட்டு, 24 நாட்டுப் பையன்களில் பாதிப் பேரை இங்கே விளையாட வைத்துவிட்டார்கள். 24 அணிகள் ஆடும் முதல் ஜூனியர் உலகக் கோப்பை இது.

நாங்கள் மூன்று பேர். நான், அண்ணாச்சி, என் அக்கா மகன். அண்ணாச்சி ஒரு காலத்தில் எங்கள் ஊர் அணியில் லெஃப்ட் ஹாஃப். மே மாதம் லட்சுமி அம்மாள் நினைவுப் போட்டி நடந்தால் பத்து நாளைக்குக் கடையைச் சாத்திவிட்டு மைதானத்திலேயே கிடப்பார். மருமகன் எட்டாம் வகுப்பு, ஃபார்வேர்டு ஆடுகிறான். கோவில்பட்டியில் பிறந்த பிள்ளைக்குக் கையில் ஸ்டிக் வருவது ஒன்றும் அதிசயமில்லை. தீப்பெட்டி, கடலைமிட்டாய், ஹாக்கி, இந்த மூன்றில் ஒன்று எப்படியும் வந்து ஒட்டிக்கொள்ளும்.

டிக்கெட்டுக்குக் காசு இல்லை, செல்போனில் பதிவு செய்தால் போதும். அந்தச் செல்போன் வேலையை மருமகன்தான் பார்த்தான்.

இன்று சுவிட்சர்லாந்து. சிலியை 7-0, ஓமனை 17-0 என்று அடித்துவிட்டு வந்திருக்கிறார்கள் நம் பையன்கள். இந்தப் பிரிவில் இருந்திருக்க வேண்டியது பாகிஸ்தான். அவர்கள் வராததால் ஓமனுக்கு இடம் கிடைத்தது. 17 கோல் வாங்கிய ஓமன் பையன்களை நினைத்தால் பாவமாகத்தான் இருக்கிறது.

எங்களுக்குக் கிடைத்தது கோல் கம்பத்துக்குப் பின்னால் இருக்கும் கேலரி. முதல் பாதியில் அது நம் கோல். அதாவது, ஆட்டமே அந்தப் பக்கம் வரவில்லை. எதிர்க்கோடியில் மன்மீத் சிங் அடுத்தடுத்து இரண்டு கோல் போட்டார், ஷர்தானந்த் திவாரி ஒன்று, அர்ஷ்தீப் ஒன்று. எல்லாவற்றையும் நூறு கஜம் தள்ளியிருந்து பார்த்தோம். கூட்டம் கத்துவதை வைத்துத்தான் கோல் என்று தெரிந்தது.

"மாமா, நம்ம கோல்கீப்பரப் பாருங்களேன்" என்றான் மருமகன்.

பார்த்தேன். தனியாக நின்றுகொண்டிருந்தார். காலில் கட்டியிருக்கும் கிக்கரால் ஒரு கம்பத்தைத் தட்டுவார், நடந்துபோய் அடுத்த கம்பத்தைத் தட்டுவார். கோலுக்கு முன்னால் அரைவட்டமாக இருக்கும் டி-யின் விளிம்பு வரை வந்து, தடுத்து ஆடும் ஃபுல் பேக்குகளைப் பார்த்து ஏதோ கத்துவார், திரும்பிப் போவார். பந்து எண்பது கஜம் தள்ளி இருக்கும்போதும் முழங்காலை மடக்கி உட்காருவது போல நின்று எழுவார். மருமகன் முதல் பாதி முழுக்க அவரை மட்டும்தான் பார்த்தான்.

5-0. மூன்று ஆட்டம், 29 கோல், வாங்கியது பூஜ்யம். வெளியே வரும்போது பக்கத்தில் வந்த கல்லூரிப் பையன்கள் கோப்பையையே வாங்கிவிட்டதாகப் பேசினார்கள். அண்ணாச்சி மட்டும் ஜிகர்தண்டாவை உறிஞ்சிக்கொண்டே, "இருபத்தொம்போது கோலும் ஒண்ணுதான், இல்லாததும் ஒண்ணுதான் தம்பி. இந்தப் புள்ளைக இன்னும் ஒரு தடவகூடப் பின்தங்கி நிக்கல. பின்தங்கி நிக்கும்போது என்ன செய்றான்னு பாத்துட்டுச் சொல்றேன்" என்றார்.

டிசம்பர் 4. சென்னை

நேற்று இரவு மாட்டுத்தாவணியில் பஸ் ஏறி, விடிகாலையில் கிளாம்பாக்கம். அங்கிருந்து இன்னொரு பஸ், அப்புறம் மின்சார ரயில். மதுரையில் இருந்து சென்னைக்கு வந்த களைப்பைவிட, கிளாம்பாக்கத்தில் இருந்து சென்னைக்கு வந்த களைப்பு அதிகம்.

டிட்வா புயல் கரைக்கு அருகே வந்து வலுவிழந்ததில் சென்னை இரண்டு மூன்று நாளாக நனைந்து கிடக்கிறது. இலங்கையில் அது செய்துவிட்டுப் போனதைத் தொலைக்காட்சியில் பார்த்தால், இங்கே முழங்கால் தண்ணீர் என்று புலம்ப வாய் வரவில்லை. பெரம்பூரில் மச்சான் வீட்டில் தங்கல். துணி காயவில்லை. வேறு விசேஷம் இல்லை.

டிசம்பர் 5. எழும்பூர், காலிறுதி

இந்த மேயர் ராதாகிருஷ்ணன் மைதானத்தைப் பற்றி அண்ணாச்சியிடம் பேச்சுக் கொடுத்தால் ஒரு நாள் போதாது. 1996-இல் சாம்பியன்ஸ் டிராபிக்கு வந்திருக்கிறார். 2007 ஆசியக் கோப்பை இறுதியில் கொரியாவை 7-2 என்று அடித்ததை இதே இடத்தில் பார்த்தவர். 2023 ஆகஸ்டில் ஆசிய சாம்பியன்ஸ் டிராபி இறுதிக்கு நானும் கூட வந்தேன். மலேசியாவிடம் 1-3 என்று பின்தங்கி, கடைசியில் 4-3. அன்றைக்கு என் தொண்டை கட்டி நான்கு நாள் கடையில் சைகையிலேயே வியாபாரம் செய்தேன்.

இன்று பெல்ஜியம். ஆட்டத்துக்கு முன் தரையில் தண்ணீர் பாய்ச்சினார்கள். அந்த வாசனை வித்தியாசமானது. மண்வாசனை கிடையாது, நனைந்த பிளாஸ்டிக் பாய் வாசனை. மருமகன் மூச்சை இழுத்து இழுத்து விட்டான். எங்கள் ஊரிலும் செயற்கைப் புல் மைதானம் இருக்கிறது, ஆனால் இப்படி விளக்கு வெளிச்சத்தில் தண்ணீர் மின்னி அவன் பார்த்ததில்லை.

13-ஆவது நிமிடம் பெல்ஜியம் கோல் போட்டது. இந்த உலகக் கோப்பையில் இந்தியா வாங்கிய முதல் கோல். கேலரி ஒரு கணம் அமைதியானது, அப்புறம் ஆளாளுக்குப் பேச ஆரம்பித்தார்கள். எனக்குப் பின்னால் இருந்தவர் எல்லாப் பிரச்சினைக்கும் பயிற்சியாளரே காரணம் என்றார். பயிற்சியாளர் நம் ஸ்ரீஜேஷ். போன வருடம் பாரிஸ் ஒலிம்பிக்கில் வெண்கலத்தோடு கோல்கீப்பர் பேடைக் கழற்றி வைத்துவிட்டு இந்தப் பையன்களை ஏற்றுக்கொண்டவர். அண்ணாச்சி திரும்பி அவரை ஒரு பார்வை பார்த்தார், சொல்லவில்லை ஒன்றும்.

பந்து நம்மிடம்தான் அதிகம் இருந்தது போலத் தோன்றியது. ஆனால் டி-க்குள் போனதும் பெல்ஜியப் பையன்கள் கதவைச் சாத்தினார்கள். இதுவரை ஆடிய மூன்று அணிகளும் திறந்த வீடு. நடுவில் புகுந்து ஓடினாலே கோல். இவர்களிடம் அது நடக்காது. ஓரமாகப் போய், பேஸ்லைனில் இருந்து பின்னால் வெட்டித் தர வேண்டும், இல்லையென்றால் எதிராளி காலில் பந்தைப் பட வைத்து, பேஸ்லைனில் இருந்து பந்தைத் தள்ளிக் கோலுக்கு அடிக்கும் பெனால்டி கார்னராவது வாங்க வேண்டும். அதைப் புரிந்துகொள்ளப் பையன்களுக்கு மூன்று குவார்ட்டர், அதாவது முக்கால் ஆட்டம், ஆனது.

45-ஆவது நிமிடத்தில் பெனால்டி கார்னர், கேப்டன் ரோகித், கோல். 48-இல் இன்னொரு பெனால்டி கார்னர், ஷர்தானந்த் திவாரி. 2-1. மருமகன் என் தோளில் ஏறிவிட்டான். ஆட்டம் முடிய ஒரு நிமிடம் இருக்கும்போது பெல்ஜியம் சமன் செய்தது. தோளில் இருந்து இறங்கிவிட்டான்.

ஷூட்-அவுட். 23 மீட்டர் கோட்டில் இருந்து பந்தோடு ஓடி வர வேண்டும், எட்டு நொடி, எதிரே கோல்கீப்பர் மட்டும். நம் பக்கம் பிரின்ஸ்தீப் சிங். இவரும் மூன்று ஆட்டத்தில் கம்பத்தைத் தட்டிக்கொண்டு நின்ற கூட்டம்தானே என்று எனக்குப் பயம். ஆள் வெளியே பாய்ந்து வந்த விதம் இருக்கிறதே! படுத்துத் தடுக்கவில்லை. எதிராளி எந்தப் பக்கம் திரும்பினாலும் அவனோடு கூடவே நகர்ந்து, கோணத்தைக் குறுக்கி, நொடிகளைத் தின்றார். எட்டு நொடி என்பது கோல்கீப்பரின் சொத்து என்று அண்ணாச்சி சொல்லுவார், இன்றைக்குத்தான் விளங்கியது. அந்தப் பக்கம் பெல்ஜியக் கீப்பர் நம் ஆட்களை இடறிவிட, கீப்பரை மட்டும் எதிரே வைத்து அடிக்கும் ஸ்ட்ரோக் கிடைத்தபோதெல்லாம் திவாரி வந்து நின்றார். கையே நடுங்கவில்லை. 4-3. அரையிறுதி.

கூட்டம் வெளியே வர முக்கால் மணி நேரம். மருமகன் வழியெல்லாம் கைகளை விரித்துப் பக்கவாட்டில் நகர்ந்து நகர்ந்தே நடந்தான். "மாமா, நான் கோல்கீப்பர் ஆடட்டுமா?"

பதில் சொல்லவில்லை. எங்கள் ஊர்ப் பையன்கள் குழுவுக்கு இருப்பது ஒரே ஒரு செட் பேடு. வலது கால் பேடில் பக்கிள் போய்விட்டது. சைக்கிள் டியூபை வெட்டி வளையமாக்கி அதைத்தான் மாட்டுகிறார்கள். ஆட்டத்துக்கு நடுவில் பேடு சுழன்று கெண்டைக்காலுக்குப் போய்விடும், நடுவர் விசில் ஊதி நிறுத்துவார். அதனால் யாருமே கீப்பராக நிற்க விரும்புவதில்லை, முறை வைத்துத்தான் நிற்கிறார்கள்.

டிசம்பர் 6. ஓய்வு நாள்

காலையில் எழும்பூரில் டீக்கடை. பக்கத்து மேசையில் ஹாக்கிப் பேச்சு கேட்டு நாங்களும் சேர்ந்துகொண்டோம். இரண்டு பேர் ரயில்வேயில் ஆடி ஓய்வு பெற்றவர்கள். ஒரு பையன் கல்லூரி அணி. ஐந்து நிமிடத்தில் மேசையில் இருந்த உப்பு, சர்க்கரை டப்பாக்கள் எல்லாம் மிட்ஃபீல்டு ஆகிவிட்டன.

கல்லூரிப் பையனின் கேள்வி, எல்லோர் மனசிலும் இருந்த கேள்வி: "இந்த 18 பேர்ல நம்ம ஊர்க்காரன் ஒருத்தன்கூட இல்லையே அண்ணே?"

இல்லைதான். பட்டியலைப் பாருங்கள். எக்கா, குஜூர் என்று ஒடிசா-ஜார்க்கண்ட் பக்கத்துப் பழங்குடிப் பிள்ளைகள். பிரியோபர்த்தா, இங்கலெம்பா லுவாங் என்று மணிப்பூர்ப் பிள்ளைகள். பஞ்சாப் பிள்ளைகளும் நிறைய. கர்நாடகத்தில் இருந்து சுனில் இருக்கிறார். போட்டியை நடத்தும் மாநிலத்தில் இருந்து ஆள் இல்லை. 1980 மாஸ்கோவில் தங்கம் வாங்கிய அணியின் கேப்டன் பாஸ்கரன் நம்மவர். 2004 ஏதென்சுக்குக் கோயம்புத்தூர் ஆடம் சின்கிளேர் போனார். 2022 ஆசியக் கோப்பையில் எங்கள் ஊர் மாரீஸ்வரனும் அரியலூர் கார்த்தியும் ஆடினார்கள். பாகிஸ்தானுக்கு எதிரான முதல் ஆட்டத்திலேயே கார்த்தி கோல் போட்டார். அப்புறம்?

ரயில்வேக்காரர் ஒருவர், மைதானம் இல்லை, அதுதான் என்றார். எனக்கு அது சரியாகப் படவில்லை. மைதானம் இப்போது இருக்கிறது. அண்ணாச்சி சொன்னதுதான் எனக்கு ஒத்துப்போகிறது. ஒடிசாவில் சுந்தர்கர் பக்கம் கிராமத்துக்குக் கிராமம் ஆட்டைப் பரிசாக வைத்துப் போட்டி நடக்கும். ஜெயித்த அணி ஆட்டைத் தூக்கிக்கொண்டு போய் ஊருக்கே சமைத்துப் போடும். அங்கே பிள்ளைகள் ஆறு வயசில் மூங்கிலை வளைத்து ஆடுகிறார்கள், கொஞ்சம் வளர்ந்ததும் விளையாட்டு ஹாஸ்டல் வந்து பொறுக்கி எடுத்துக்கொள்கிறது. "நம்ம புள்ள பத்தாங்கிளாஸ் வரைக்கும் அவனுக்குச் சமமா ஆடுவான். பதினொண்ணாங்கிளாஸ்ல டியூஷன் போயிருவான்" என்றார் அண்ணாச்சி.

எல்லோரும் மருமகனைப் பார்த்தார்கள். அவன் வடையைப் பார்த்தான்.

அதே நேரத்தில் அக்கா போன். அரையாண்டுத் தேர்வு வருகிறது, பிள்ளையை என்ன பண்ணிக்கொண்டிருக்கிறாய் என்று. ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் முடிந்ததும் பஸ் ஏறிவிடுவோம் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

டிசம்பர் 7. அரையிறுதி, ஜெர்மனி

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 5-1. அவர்களுக்கு ஐந்து.

முதல் குவார்ட்டர் முடியப் போகும் நேரம் வரை சமாளித்தோம். 14, 15 என்று அடுத்தடுத்த நிமிடங்களில் இரண்டு. பாதி ஆட்டத்துக்கு மூன்று. ஜெர்மனிப் பையன்கள் வேகமாக ஓடியதாக எனக்குத் தோன்றவில்லை. நாம் பந்தை எங்கே தள்ளப் போகிறோமோ அங்கே முன்கூட்டியே நின்றார்கள். நம் ஃபுல் பேக் பந்தை எடுத்து நிமிர்ந்து பார்த்தால், கொடுக்க வேண்டிய நான்கு பேர் முன்னாலும் ஒரு ஜெர்மனிச் சட்டை. அப்போது உயரத் தூக்கிப் போட வேண்டும், இல்லையென்றால் கீப்பர் பக்கம் திரும்பி மறுபக்கம் மாற்ற வேண்டும். நம் பையன்கள் ஓடிப் பார்த்தார்கள். ஒருவனைத் தாண்டினார்கள், இருவரைத் தாண்டினார்கள், மூன்றாமவன் பிடுங்கிக்கொண்டான். ஒவ்வொரு முறையும் மூன்றாமவன்.

51-ஆவது நிமிடத்தில் பெனால்டி கார்னரில் அன்மோல் எக்கா ஒன்று திருப்பினார். அதற்குள் கேலரியில் கால்வாசி காலி.

காலிறுதியில் இதே ஜெர்மனி பிரான்சிடம் ஷூட்-அவுட் வரை போய்த்தான் தப்பியது. அதனால் இவர்கள் வானத்தில் இருந்து குதித்தவர்கள் இல்லை. ஆனால் ஏழு முறை ஜூனியர் உலகக் கோப்பை வாங்கிய நாடு. நாம் வாங்கியது இரண்டு, 2001 ஹோபார்ட், 2016 லக்னோ. 2021-இல் புவனேஸ்வரில் நான்காவது, 2023-இல் கோலாலம்பூரில் நான்காவது.

வெளியே வந்தால் வெள்ளிக்கிழமை பிரின்ஸ்தீப்பைத் தெய்வமாக்கிய அதே வாய்கள் இன்று அணி முழுவதையும் மாற்ற வேண்டும் என்கின்றன. எனக்கும் எரிச்சல்தான். பத்தொன்பது இருபது வயசுப் பையன்களைத் திட்ட மனசு வராமல் ஒரு தண்ணீர் பாட்டிலை நசுக்கிக்கொண்டு நடந்தேன்.

"கிளம்பிரலாம் தம்பி. வெண்கல ஆட்டத்துல யாருக்கும் மனசு இருக்காது. ரெண்டு தடவ பாத்தாச்சு" என்றார் அண்ணாச்சி.

"மாமா, நீங்கதான சொன்னீங்க" என்றான் மருமகன். அவன் சொன்னது அண்ணாச்சியைப் பார்த்து. "பின்தங்கி நிக்கும்போது என்ன செய்றாங்கன்னு பாக்கணும்னு."

அண்ணாச்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்காவிடம் பேசும் வேலை என் தலையில் விழுந்தது. அதைப் பற்றி இங்கே எழுதுவதற்கில்லை.

டிசம்பர் 9

மச்சான் வீட்டில் மருமகன் கணக்குப் பாடம் போட்டான். மாலையில் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்கும் துணிக் கம்பிக்கும் நடுவில் கோல். நான் பந்து தள்ள, அவன் இரண்டு தலையணையைக் காலில் கட்டிக்கொண்டு தடுத்தான். மச்சான் மனைவிக்குத் தலையணை விஷயம் இன்னும் தெரியாது.

டிசம்பர் 10. வெண்கலத்துக்கான ஆட்டம், பிறகு இறுதி

நல்லவேளை, இருந்தோம்.

அர்ஜென்டினா மூன்றாவது நிமிடத்திலேயே ஸ்ட்ரோக்கில் ஒன்று போட்டது. 44-இல் இரண்டாவது. மூன்று குவார்ட்டர் முடிந்து 0-2. பெனால்டி கார்னர்கள் வீணாகிக்கொண்டே இருந்தன. அண்ணாச்சி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார், அவர் கையைக் கட்டினால் நம்பிக்கை போய்விட்டது என்று அர்த்தம். இந்த முறை நாங்கள் அர்ஜென்டினா கோலுக்குப் பின்னால் இருந்தோம். கடைசிக் குவார்ட்டர் முழுவதும் பத்துப் பதினைந்து கஜத்தில் நடந்தது.

49-ஆவது நிமிடம், பெனால்டி கார்னர். அங்கித் பால் கோல் பக்கத்தில் ஸ்டிக்கைச் சும்மா நீட்டித் திசை திருப்பினார், பலகையில் பந்து பட்ட சத்தம் 'டொக்' என்று கேட்டது. 52-இல் மறுபடியும் பெனால்டி கார்னர். பந்தை ஸ்டிக்கால் இழுத்து வீசும் டிராக் ஃபிளிக்கை எல்லோரும் எதிர்பார்க்க, அதைத் தடுக்க முகமூடி போட்டு முதலில் ஓடிவரும் ரஷ்ஷர் ஃபிளிக்கரை நோக்கிப் பாய, பந்து வேறு வழியில் வந்து மன்மீத் சிங் முடித்தார். மூன்று குவார்ட்டர் நேராகவே முட்டிக்கொண்டிருந்தவர்கள் அப்போதுதான் வேறு மாதிரி யோசித்தார்கள். அண்ணாச்சி கையை அவிழ்த்தார்.

57. நமக்கு ஸ்ட்ரோக். திவாரி வந்து பந்தை வைத்தார். எங்களுக்கு முதுகைக் காட்டி நின்ற அர்ஜென்டினாக் கீப்பருக்கு மேலே திவாரியின் முகம் நேராகத் தெரிந்தது. பயமும் இல்லை, சிரிப்பும் இல்லை, பஸ்ஸுக்கு நிற்பவர் மாதிரி இருந்தார். 3-2. அடுத்த நிமிடமே அன்மோல் எக்கா டிராக் ஃபிளிக்கில் நான்காவது. வலை எங்கள் மூக்குக்கு முன்னால் உப்பி அடங்கியது.

ஒன்பது நிமிடத்துக்குள் நான்கு கோல். ஒன்பது வருடத்துக்குப் பிறகு ஜூனியர் உலகக் கோப்பையில் ஒரு பதக்கம். ஸ்ரீஜேஷைச் சுற்றிப் பையன்கள் குதித்தார்கள். போட்டியின் சின்னமான காங்கேயன் காளை வேஷம் போட்டவரும் எங்கோ நடுவில் குதித்துக்கொண்டிருந்தார்.

"சரி, சொல்லுங்க மாமா" என்று அண்ணாச்சியைப் பிடித்துக்கொண்டான் மருமகன்.

"நல்ல புள்ளைகதாம்ல. ஆனா ஒரு குவார்ட்டர்தான் ஆடுறானுக. நாலு குவார்ட்டரும் இப்படி ஆடிருந்தா ஞாயித்துக்கிழம அஞ்சு வாங்கிருப்பானுகளா?" என்றார். அவர் பாராட்டு எப்போதும் இந்த அளவுதான். எனக்கு அது முழுக்க நியாயமாகப் படவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஐந்து வாங்கிவிட்டு, மூன்றே நாளில் 0-2-இல் இருந்து எழுந்து வந்தது சாதாரணமில்லை.

இறுதி ஆட்டத்தில் ஜெர்மனியும் ஸ்பெயினும் 1-1. மறுபடியும் ஷூட்-அவுட், ஜெர்மனி 3-2. எட்டாவது கோப்பை. ஜெர்மன் கீப்பர் யாஸ்பர் டிட்சர் ஒவ்வொரு முறையும் கோட்டில் இருந்து கிளம்பும் நேரத்தை மருமகன் விரல் விட்டு எண்ணினான்.

டிசம்பர் 11. பெரியமேடு, பிறகு பஸ்

பஸ் இரவுதான். பகலில் பெரியமேட்டுக்குப் போனோம். விளையாட்டுச் சாமான் கடைகள் வரிசையாக இருக்கும் இடம். ஒரு கடையில் கோல்கீப்பர் பேடும் கிக்கரும் கண்ணாடிக்குள் இருந்தன. மருமகன் மூக்கைக் கண்ணாடியில் வைத்துப் பார்த்தான். விலை கேட்டேன். கேட்டுவிட்டு, தலைக்கவசமும் சேர்த்தா என்று ஒரு உபரிக் கேள்வி கேட்டேன், இல்லை என்றார். ஸ்ரீஜேஷின் அப்பா மாட்டை விற்றுப் பையனுக்குப் பேடு வாங்கிக் கொடுத்தார் என்று படித்திருக்கிறேன். அதைப் படித்தபோது எவ்வளவு பெரிய மனசு என்று நினைத்தேன். கடையில் நின்றபோதுதான் மாட்டின் விலையும் பேடின் விலையும் ஏன் ஒரே வாக்கியத்தில் வருகின்றன என்று புரிந்தது.

அண்ணாச்சி எங்களை விட்டுவிட்டுப் பக்கத்துச் சந்துக்குள் போய்விட்டார். பெரியமேடு விளையாட்டுச் சாமானுக்கு மட்டுமில்லை, தோல் வியாபாரத்துக்கும் பேர் போன இடம். கால் மணி நேரம் கழித்து ஒரு பொட்டலத்தோடு வந்தார். உள்ளே நான்கு பக்கிள், ஒரு கஜம் தடித்த வார்.

"சைக்கிள் டியூப அவுத்துப் போட்டுட்டு இதத் தைச்சுக்கோ. நாளைக்கு யாரும் கீப்பருக்கு நிக்க மாட்டான்ல, நீ நில்லு."

பஸ்ஸில் மருமகன் ஜன்னலோரம். விழுப்புரம் தாண்டும்வரை பக்கிளை மாட்டுவதும் கழற்றுவதுமாக 'டிக், டிக்' என்று சத்தம். முன் சீட்டுக்காரர் இரண்டு முறை திரும்பிப் பார்த்தார். மூன்றாவது முறை திரும்புவதற்குள் நான் அதை வாங்கிப் பையில் போட்டேன்.